ரீஃப் போட்ட பிறகும் பாய் அடங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து ரீஃப் கயிற்றைச் சரிசெய்யும் முறை

மும்பைத் துறைமுகத்தில் பிப்ரவரியிலிருந்து மே வரை காற்றின் போக்கு படகோட்டுபவர்களுக்குப் பழகியதுதான். காலையில் தரைப் பக்கமிருந்து மெல்ல வரும் காற்று முற்பகலில் அடங்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழுந்து மாலை வரை ஏறிக்கொண்டே போகும். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) 17 நாட் ஆவது சின்ன வித்தியாசமாகத்தான் தோன்றும். ஆனால் பாயின் மேல் விழும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அந்த ஐந்து நாட் கூடுதலிலேயே விசை இரண்டு மடங்காகிவிடும். துறைமுகத்தின் தெற்கே உள்ள மாண்ட்வாவிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா நோக்கி வடக்கே திரும்பும் படகுக்கு அப்போது காற்று கிட்டத்தட்ட முகத்தில் அடிக்கும். ரீஃப் போட்டே, அதாவது பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைத்தே, ஆகவேண்டிய நேரம் அது. கயிற்றில் என்ன கோளாறு என்பதும் அப்போதுதான் வெளியே வரும்.

இங்கே சொல்வது 6 முதல் 8 மீட்டர் நீளமுள்ள படகுகளின் மெயின்செயிலுக்கு, அதாவது பெரிய பாய்க்கு. பாயின் முன் வளையத்தைக் கூஸ்நெக் (பூம் மாஸ்ட்டோடு சேரும் மூட்டு) பக்கத்துக் கொக்கியில் மாட்டி, பின் வளையத்தைக் கயிற்றால் பூமோடு இழுத்துக் கட்டும் சாதாரண ரீஃப் முறை. அறிகுறிகள் பலவிதமாக இருந்தாலும் வேர் பெரும்பாலும் இரண்டுதான்: பின் கயிறு பாயை இழுக்கும் கோணம், வேலைகளைச் செய்யும் வரிசை. புது பிளாக் (கயிறு திரும்பும் கப்பி) வாங்கக் கிளம்பும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

சொற்கள் குழம்பாமல் இருக்க: நிமிர்ந்து நிற்கும் பாய்மரம் மாஸ்ட், பாயின் அடியில் கிடையாக நிற்கும் கம்பம் பூம், மாஸ்ட்டை ஒட்டிய விளிம்பு லஃப், பின் விளிம்பு லீச், பாயில் பதித்த உலோக வளையம் கிரிங்கிள், பாயை ஏற்றும் கயிறு ஹேலியார்டு. இந்தக் கடைசிக் கயிற்றுக்கு ஆஞ்சான் என்ற அழகான பழைய சொல் தமிழில் இருக்கிறது. படகில் தமிழர் மட்டுமே இருந்தால் தாராளமாக அதையே சொல்லலாம்.

கோளாறு தேடும் முன்: கயிறு போகவேண்டிய பாதை

பின் ரீஃப் கயிறு பூமின் ஒரு பக்கத்தில் முடிச்சில் தொடங்குகிறது. மேலே ஏறி, லீச்சில் உள்ள கிரிங்கிள் வழியாக மறுபக்கம் போகிறது. அங்கிருந்து கீழே இறங்கி, பூமின் பக்கவாட்டில் திருகிய பிளாக்கில் திரும்பி, முன்னோக்கி மாஸ்ட் பக்கத்துக் கிளீட்டுக்கு (கயிற்றைப் பூட்டும் பிடி) வருகிறது. முடிச்சு ஒரு பக்கமும் பிளாக் எதிர்ப்பக்கமும் இருந்தால்தான் கிரிங்கிள் பூமின் நடுவில் வந்து உட்காரும். இரண்டும் ஒரே பக்கம் என்றால் பாய் ஒருபுறமாகத் திருகிக்கொள்ளும். முதல் ரீஃபின் பிளாக் வலப்பக்கம் என்றால் இரண்டாவதின் பிளாக்கை இடப்பக்கம் வையுங்கள். இரண்டு கயிறும் ஒன்றையொன்று தொடாது.

பிளாக்கின் இடத்தைக் கரையில் கணக்குப் போட்டு முடிவு செய்யாதீர்கள். மூரிங்கில், அதாவது படகைக் கட்டி நிறுத்தும் மிதவையில், பாயை ஏற்றிப் பார்த்துத்தான் குறிக்கவேண்டும். அதற்குக் காலை நேரம் நல்லது, அதுவும் ஓதம் நின்று திரும்பும் இடைவேளை. மும்பையில் நீரோட்டம் ஓடிக்கொண்டிருந்தால் கீல் (அடியில் நீருக்குள் இறங்கும் தகடு) உள்ள படகு காற்றைப் பார்த்து நிற்காது, நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும். பாய் பக்கவாட்டில் காற்று வாங்கி, எடுக்கும் அளவெல்லாம் தப்பாகிவிடும்.

முன் வளையத்தைக் கொக்கியில் மாட்டி ஹேலியார்டை இறுக்குங்கள். பின் கிரிங்கிளைக் கையால் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுத்து, பாயின் அடி தட்டையாகும் வரை கொண்டுவாருங்கள். கிரிங்கிள் பூமைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு. பிளாக்கின் உருளை அந்தக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால் வரவேண்டும். பழைய, நீண்டுபோன டேக்ரான் பாயாக இருந்தால் 7 அல்லது 8 செ.மீ. விடலாம். முடிச்சு அதே கோட்டுக்கு நேர் கீழே அல்லது சற்றே பின்னால். கிரிங்கிள் பூமை நெருங்கும் கடைசித் தருணத்தில் கயிறு ஏறக்குறைய 45 டிகிரியில் பின்னும் கீழும் ஒன்றாக இழுக்கவேண்டும், அவ்வளவுதான். இந்த 5 செ.மீ. ரீஃபின் உயிர். இதில் தவறினால் கீழே வரும் முதல் இரண்டு அறிகுறிகளில் ஒன்று நிச்சயம்.

கயிற்றின் நீளம்: முழுப்பாய் ஏறியிருக்கும்போது பூமிலிருந்து கிரிங்கிள் வரையுள்ள உயரத்தின் இரு மடங்கு, அதோடு பிளாக்கிலிருந்து கிளீட் வரையுள்ள தூரம், அதோடு கையில் பிடிக்க ஒன்றரை மீட்டர். முதல் ரீஃப் 1.3 மீட்டர் உயரத்தில், பிளாக்கிலிருந்து கிளீட் 2.4 மீட்டர் என்றால் 2.6 + 2.4 + 1.5, மொத்தம் 6.5 மீட்டர். கயிற்றைக் காக்பிட் (ஓட்டுபவர் உட்காரும் இடம்) வரை கொண்டுபோனால் அந்தத் தூரத்தையும் கூட்டுங்கள்.

இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் கயிறுதான் வேண்டும். 7 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு 8 மி.மீ., அதற்குக் கீழே 6 மி.மீ. போதும். மீன்பிடிப் படகுகளுக்கு விற்கும் பச்சை, நீலப் பாலிப்ரொப்பிலீன் கயிறு விலை குறைவுதான், ஆனால் வெயிலில் நைந்து தூளாகும், கிளீட்டிலும் வழுக்கும். நைலான் நங்கூரத்துக்கு அருமையான கயிறு. ரீஃபுக்கு ஆகாது, இழுத்தால் நீளும். முதல் ரீஃபுக்கு ஒரு நிறம், இரண்டாவதுக்கு வேறு நிறம் வாங்குங்கள். காற்றில் பாய் படபடக்கும்போது கண்ணுக்கு நிறம்தான் தெரியும்.

வேலையின் வரிசை

1. முன்னால் உள்ள ஜிப் பாய் படகை ஓட்டட்டும். மெயின்ஷீட்டையும் (பூமை உள்ளே இழுக்கும் கயிறு) வாங்கையும் (பூமைக் கீழே பிடிக்கும் கயிறு) முழுதாகத் தளர்த்துங்கள்.
2. டாப்பிங் லிஃப்டை (பூமின் பின் நுனியை மேலிருந்து தாங்கும் கயிறு) இழுத்து பூமின் எடையை அதில் ஏற்றுங்கள்.
3. ஹேலியார்டைக் குறி வரை இறக்குங்கள். முன் வளையத்தைக் கொக்கியில் மாட்டுங்கள்.
4. ஹேலியார்டை மீண்டும் இறுக்குங்கள்.
5. இப்போதுதான் பின் கயிறு. கிரிங்கிள் பூமைத் தொடும்வரை இழுத்துக் கிளீட்டில் பூட்டுங்கள்.
6. டாப்பிங் லிஃப்டைத் தளர்த்தி, மெயின்ஷீட்டையும் வாங்கையும் இழுங்கள்.

பல மொழி பேசும் குழுவில் 'இழு', 'விடு' என்பதை ஆளுக்கொரு மொழியில் கத்துவது ஆபத்து. கப்பல் தளத்துப் பழைய லஸ்கர் (இந்திய மாலுமி) சொற்களான 'ஹாபேஸ்' என்பதை இழுக்கவும், 'ஆரியா' என்பதை இறக்கவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒலியில் ஒன்றோடொன்று குழம்பாது. எதை வைத்தாலும் மூரிங்கை விடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அறிகுறி: ரீஃப் போட்டாகிவிட்டது, ஆனால் பாயின் கீழ்ப்பகுதி பையாக உப்புகிறது, படகு இன்னும் சாய்கிறது

பின் கிரிங்கிள் கீழே வந்திருக்கிறது, பின்னால் போகவில்லை. முதலில் கிரிங்கிளைப் பாருங்கள். பூமோடு ஒட்டியிருந்தும் பை இருந்தால் பிளாக் முன்தள்ளி இருக்கிறது. கயிறு நேர் கீழாக இழுக்கிறது, அல்லது முன்னோக்கியே இழுக்கிறது. பிளாக்கைப் பின்னால் நகர்த்துவதுதான் நிரந்தரத் தீர்வு. கடலில் இருக்கும்போது என்றால், ஒரு மீட்டர் உதிரிக் கயிற்றைக் கிரிங்கிளில் கோத்து, பூமின் பின் நுனிக்கு அவுட்ஹால் (பாயின் அடியைப் பின்னால் இழுக்கும் கயிறு) போல இழுத்துக் கட்டினால் வீடு வந்து சேரலாம்.

பூமைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வழவழப்பான அலுமினியத்தில் அந்த முடிச்சு சுமை ஏற ஏற முன்னால் வழுக்கிப்போகும். குறித்த இடத்தில் பூமின் அடியில் ஒரு சின்ன உலோக வளையத்தைத் திருகி, முடிச்சின் கயிற்றை அதன் வழியாக விடுங்கள். சுமையைப் பூம் தாங்கும், இடத்தை வளையம் காக்கும்.

பிளாக், முடிச்சு இரண்டும் சரி என்றால் காரணம் வரிசைதான். வாங் தளர்த்தப்படாமலே கயிற்றை இழுத்திருப்பார்கள். வாங் பூமைக் கீழே பிடித்து வைத்திருக்க, பாயை நோக்கி எழ பூமுக்கு வழியில்லை. எவ்வளவு பலம் போட்டாலும் கடைசி 10 செ.மீ. வராது.

இதையெல்லாம் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லஃப் நீளம் 8.5 மீட்டர் உள்ள பாயில் முதல் ரீஃப் 1.1 மீட்டர் என்றால் உயரத்தில் 13 சதவீதம்தான் போகிறது. பாய் முக்கோணம் என்பதால் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. அந்தக் கால் பங்கு லாபத்தை, மிச்சப் பாயில் விழும் பை விழுங்கிவிடும். உப்பிய பாய் படகைப் பக்கவாட்டில் தள்ளும், முன்னே இழுக்காது. தட்டையாக இல்லாத ரீஃப் பாதி ரீஃப்தான்.

அறிகுறி: பாயின் அடி நன்றாக இழுபட்டிருக்கிறது, ஆனால் கிரிங்கிள் பூமுக்கு மேல் 10, 15 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். பிளாக் அதிகம் பின்னால் இருக்கிறது. சுமை முழுவதும் பாயின் அடியை நீட்டுவதில் செலவாகி, கீழே இழுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. லீச் தளர்ந்து மேல்பாய் திறந்துகொண்டு படபடக்கும். தற்காலிகமாக, கிரிங்கிள் வழியாக ஒரு நாடாவை விட்டு பூமைச் சுற்றி இரண்டு சுற்று கட்டுங்கள்.

அந்த நாடாக் கட்டு பிளாக் சரியான இடத்தில் உள்ள படகிலும் நல்ல பழக்கம்தான். நீண்ட நேரம் ரீஃபோடு ஓடும்போது ரீஃப் கயிறு அறுந்தால், அந்தக் கட்டு இல்லாவிட்டால் சுமை முழுவதும் நடுவில் உள்ள சின்னக் கண்களுக்கு (மடிந்த துணியைக் கட்டும் துளைகள்) மாறி, பாய் குறுக்கே கிழியும்.

அறிகுறி: கயிற்றை இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது

முதலில் ஒரு கணக்கு. கயிறு மேலே போய்க் கீழே வருவதால், கிரிங்கிள் ஒரு மீட்டர் இறங்க நீங்கள் இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்கவேண்டும். 'இவ்வளவு இழுத்தும் வரவில்லையே' என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். இன்னும் தளர்ச்சி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையாகவே சிக்கியிருந்தால் வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) போட்டு முறுக்காதீர்கள். சிக்கல் எங்கே என்று துண்டு துண்டாகப் பிரித்துத் தேடுங்கள். மூரிங்கில் கயிற்றைக் கிரிங்கிளிலிருந்து கழற்றி, பிளாக்குக்கும் கிளீட்டுக்கும் இடையே மட்டும் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தாராளமாக ஓடினால் உராய்வு கிரிங்கிளில். ஓடாவிட்டால் பிளாக்கில், அல்லது பூமுக்குள்.

கிரிங்கிளில் என்றால்: கயிறு உலோக வளையத்தில் முழுதாக மடிந்து திரும்புகிறது. உருளை இல்லாத இடத்தில் அத்தனை கூர்மையான திருப்பம் இழுவிசையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வழவழப்பான அலுமினிய வளையம் ஒன்றை, 4 அல்லது 5 மி.மீ. டைனீமா கயிற்றால் கிரிங்கிளோடு இறுகக் கட்டி, ரீஃப் கயிற்றை அதன் வழியாக விட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். கட்டு குட்டையாக இருக்கட்டும். நீளமாகத் தொங்கினால் கிரிங்கிள் பூமைத் தொடாது.

பிளாக்கில் என்றால்: கயிறு உருளையின் பள்ளத்தைவிடத் தடிமனா? 6 மி.மீ.க்கான பிளாக்கில் 8 மி.மீ. கயிற்றை ஓட்டினால் அது பக்கச் சுவர்களை உரசிக்கொண்டே போகும். தடிமன் சரி என்றால் உப்பும் தூசியும். ஜூனில் கரையேற்றி அக்டோபரில் இறக்கும் படகுகளில் நான்கு மாதம் அசையாத உருளை இறுகிப்போவது சாதாரணம். வெதுவெதுப்பான நன்னீரை ஊற்றிச் சுழற்றுங்கள். காய்ந்ததும் உலர் வகைப் பிடிஎஃப்இ தெளிப்பு. கிரீஸும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். முதல் நாள் நன்றாக ஓடும், ஒரு வாரத்தில் தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும்.

பூமுக்குள் என்றால் (கயிறு உள்ளே ஓடும் வகைப் பூம்களில்): இரண்டு ரீஃப் கயிறும் அவுட்ஹாலும் உள்ளே ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். ஒன்றை இழுக்கும்போது மற்றொன்றும் அசைகிறதா என்று பார்த்தாலே தெரியும். ஒரு முனையில் மெல்லிய நூலைத் தைத்து, ஒவ்வொரு கயிறாக வெளியே எடுத்து, மறுபடி முறுக்கில்லாமல் உள்ளே இழுங்கள். நூலைத் தைக்காமல் கயிற்றை உருவிவிட்டால் பூமின் மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி: முன் வளையம் கொக்கியை எட்டவில்லை

லஃப் ஸ்லைடுகள் (பாயின் முன் விளிம்பை மாஸ்ட்டில் ஓடவைக்கும் துண்டுகள்) ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதால் வளையம் கொக்கிக்கு மேலேயே தங்கிவிடுகிறது. பாயை இழுத்துப் பிடித்து வலிந்து மாட்டினால், அந்த வளையத்துக்கு மேலுள்ள முதல் ஸ்லைடில் சுமை ஏறி, அதன் தையல் பிரியும். நல்ல தீர்வு: தடித்த நாடாப் பட்டை ஒன்றைக் கிரிங்கிள் வழியாக விட்டு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்டீல் வளையத்தைத் தைத்துவிடுவது. அந்த வளையம் பக்கவாட்டில் தொங்கும், எந்தப் பக்கக் கொக்கிக்கும் எளிதில் எட்டும்.

மாட்டிய வளையம் பாய் படபடக்கும்போது கழன்று விழுகிறதா? மேலே சொன்ன மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே தாமதம் ஆகிறது. வளையத்தை மாட்டியவர் 'ஆயிற்று' என்றதும் ஹேலியார்டு உடனே இறுக வேண்டும். தனியாக ஓட்டுபவர்கள் கொக்கியின் வாயில் ஒரு துண்டு எலாஸ்டிக் கயிற்றைக் குறுக்கே கட்டிக்கொள்ளலாம்.

ஹேலியார்டை எவ்வளவு இறக்குவது என்று ஒவ்வொரு முறையும் தேடவேண்டாம். மூரிங்கில் வளையம் எளிதாகக் கொக்கியை எட்டும் நிலையில், கிளீட்டை ஒட்டிய இடத்தில் ஹேலியார்டின் மேல் வண்ண நூலால் சுற்றித் தையுங்கள். மார்க்கர் மை ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

அறிகுறி: லஃப் ஓரம் முழுக்கக் கிடைமட்டச் சுருக்கங்கள்

ஹேலியார்டு போதவில்லை, மீண்டும் இறுக்குங்கள். பின் கயிற்றை முதலில் கட்டிவிட்டு ஹேலியார்டை இறுக்க முயன்றால் அது இறுகாது, பாயை இரண்டு பக்கமும் பிய்ப்பதுபோல இழுக்கும். பின் கயிற்றைத் தளர்த்திவிட்டு நான்காம் படியிலிருந்து திரும்பச் செய்யுங்கள். மாஸ்ட்டை ஒட்டி மேலும் கீழுமாக ஒரு மெல்லிய மடிப்பு தெரிந்தால் பதற வேண்டாம், பலத்த காற்றில் அது இருக்கலாம்.

அறிகுறி: நடுவில் உள்ள சின்னக் கண்களில் பாய் கிழிகிறது

அந்தக் கண்கள் மடிந்து தொங்கும் துணியைச் சுருட்டிக் கட்டத்தான், சுமை தாங்க அல்ல. பின் கயிறு இறுகும் முன்பே அவற்றைக் கட்டியிருப்பார்கள், அல்லது கட்டை அவிழ்க்காமல் பாயை ஏற்றியிருப்பார்கள். கிழிசலில் பெரும்பாலானவை இரண்டாவது காரணத்தால்தான். ரீஃபை எடுக்கும்போது முதலில் நடுக் கட்டுகள், அடுத்து ஷீட்டும் வாங்கும், பிறகு பின் கயிறு, ஹேலியார்டைச் சற்று இறக்கி முன் வளையம், கடைசியில் பாயை ஏற்றுவது. கட்டுகளை எண்ணிக்கொண்டே அவிழுங்கள். நான்கு கட்டியிருந்தால் நான்கும் கையில் வந்த பிறகே ஹேலியார்டைத் தொடுங்கள்.

பாயின் அடி பூமில் கோக்கப்படாத வகை என்றால், கட்டைப் பாய்க்கும் பூமுக்கும் இடையே விட்டுத் துணியை மட்டும் சுற்றுங்கள். பூமையும் சேர்த்துச் சுற்றாதீர்கள். 4 மி.மீ. எலாஸ்டிக் கயிறு இதற்கு ஏற்றது. தப்பித்தவறிச் சுமை ஏறினால் அது நீளும், துணி பிழைக்கும்.

அறிகுறி: முழுப்பாய் ஏற்றும்போது கடைசி அரை மீட்டர் ஏறவில்லை, அல்லது ஏறியதும் லீச் உள்பக்கம் வளைகிறது

ரீஃப் கயிறு எங்கோ கிளீட்டில் பூட்டியபடி இருக்கிறது. இரண்டாவது ரீஃபையும் பாருங்கள், மறக்கப்படுவது அதுதான். முழுப்பாயில் ஒவ்வொரு ரீஃப் கயிற்றிலும் ஒரு சாண் தளர்ச்சி வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். அதிகம் தொங்கும் கயிறு திருப்பத்தின்போது பூம் நுனியிலோ அவுட்போர்டு மோட்டாரிலோ, இன்னும் மோசமாக ஒருவர் கழுத்திலோ மாட்டும்.

அறிகுறி: ஹேலியார்டை இறக்கியதும் பூம் காக்பிட்டில் விழுகிறது

டாப்பிங் லிஃப்ட் மறந்துபோயிற்று. தலையில் பட்டால் மண்டை உடையும். மூரிங்கில் நிற்கும் படகுகளில் இதை ஏற்கெனவே இறுக்கி வைத்துவிட்டுப் பிறகு தளர்த்த மறப்பார்கள். அப்போது லீச் இறுகாமல் பாய் தொளதொளவென நிற்கும், கயிற்றிலும் கோணத்திலும் தவறைத் தேடி நேரம் போகும்.

அறிகுறி: பிளாக் ஆடுகிறது, திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி

அலுமினியப் பூமில் ஸ்டீல் திருகு, நடுவில் உப்பு நீர். அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பொடி அதன் சாம்பல். திருகை மட்டும் இறுக்கினால் மிச்சமுள்ள மரையும் போகும். பிளாக்கைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, ஓட்டை தளர்ந்திருந்தால் ஒரு செ.மீ. தள்ளிப் புதுத் துளை போடுங்கள். 5 மி.மீ. திருகுக்கு 4.2 மி.மீ. துளையிட்டு மரை வெட்டவேண்டும். பூமின் சுவர் 2 மி.மீ. அளவே என்றால் அதில் இரண்டு, மூன்று மரைதான் பிடிக்கும். அங்கே மோனல் (நிக்கல், செம்புக் கலவை) ரிவெட் நம்பகமானது, அலுமினிய ரிவெட் போதாது. எதைப் போட்டாலும் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே அரிப்புத் தடுப்புப் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். பழைய துளைகளை ரிவெட்டால் அடைத்துவிடுங்கள்.

அறிகுறி: கயிற்றின் உறை ஒரே இடத்தில் பஞ்சாகிறது

ரீஃப் போட்ட நிலையில் அந்த இடம் எங்கே வருகிறது என்று பாருங்கள். கிரிங்கிளில் என்றால், ஒவ்வொரு அலைக்கும் பாய் துள்ளும்போது கயிறு அங்கே அரைபடுகிறது. பிளாக்கில் என்றால் உருளையின் ஓரத்தில் பிசிறு இருக்கும், விரலால் தடவினால் தெரியும். உள்பின்னல் வெளியே தெரியாதவரை கயிற்றைத் தலைமாற்றிப் போட்டு இன்னொரு பருவம் ஓட்டலாம். உள்பின்னல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். மாற்றும்போது பழைய கயிற்றின் முனையில் புதியதன் முனையைத் தைத்து இழுத்தால், பூமைத் திறக்காமலே பத்து நிமிடத்தில் வேலை முடியும்.